திருப்பிப் போட்ட பை

அமிர்தவல்லி அக்காவின் கையில் இருந்த பைமேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். மஞ்சள் துணிப்பை. ஆனால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார். தையல் பிசிறெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அச்சடித்த எழுத்து உள்ளே போய்விடும். தெரியாமல் திரும்பியிருந்தால் ஒரு நாள் அப்படி இருக்கலாம், இரண்டு நாள் இருக்கலாம். மூன்று வருஷமாகவா இருக்கும்?

நான் ஹேமலதா. பெரம்பலூரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி, ரேஷன் கார்டில் அப்பா பெயரே வேறு. இதையெல்லாம் பிடித்துப் பிடித்துப் பழகிய கண் என்னுடையது. 'அந்தம்மா இருந்தா நாளைக்கு வருவோம்' என்று வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் உண்டு. போகட்டும். ஏமாறுவதைவிட ஏச்சு வாங்குவது எவ்வளவோ மேல் என்று நினைக்கிற ஆள் நான்.

மூன்று வருஷத்துக்கு முன், பெரம்பலூர்ப் புத்தகக் கண்காட்சிக்கு வெளியே ஒரு பழைய பேப்பர்காரர் தட்டுமுட்டுச் சாமான் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். அதற்குள் நாலு பேர் ஒரே சமயத்தில் கையை விட்டோம். வரதராஜன்பேட்டை வாத்தியார் செபஸ்டின், பழைய கேசட்டுக்காக. அரியலூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மணிமொழி, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்காக. ஜெயங்கொண்டம் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அமிர்தவல்லி அக்கா, சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்காக. நான் பைக்காக. முதலில் சண்டை, அப்புறம் டீ. 'சாமான் செட்டு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் பிறந்தது.

மாதம் இரண்டாவது ஞாயிறு, முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடுவோம். செபஸ்டின் ஒரு கேசட்டைப் போட்டுவிட்டு, நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது எப்படி என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடம் எடுப்பார். மணிமொழியிடம் அவள் பெயரை 'மணிமெழி' என்று வெட்டிய குடம் ஒன்று இருக்கிறது. கல்யாணச் சீர். அதைத் திருத்தச் சொல்லி அவள் யாரிடமும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டாள். அமிர்தாக்கா பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் கதைச் சுருக்கத்தை மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். கதாநாயகி கடிதத்தைப் பிரிப்பாள், உள்ளே என்ன என்று வரும்போது நிறுத்தி எங்களைப் பார்ப்பார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்போம். அதில் என்ன சந்தோஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மாதம் முழுக்க அடுத்தவர்களின் பிழையைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு ஞாயிறுக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

எங்கள் செட்டுக்கு ஒரே ஒரு சட்டம். யார் சாமானையாவது யாராவது 'குப்பை' என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் அபராத டீ. சட்டம் போட்டது அமிர்தாக்கா. சிரிக்காமல் போட்டார். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

என் சாமான் தாம்பூலப் பை. கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு, மணமக்கள் பெயரும் தேதியும் அச்சடித்துக் கொடுப்பார்களே, அதுதான். என்னிடம் முந்நூறுக்கு மேல் இருக்கிறது. எங்கள் வீட்டில் கூடும்போது ஹாலில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, கிளிப் போட்டு, தேதி வரிசையில் தொங்கவிடுவேன். எழுத்துப் பிழையோடு வந்த பை, மாப்பிள்ளையின் படிப்பை மூன்று வரிக்கு அடித்த பை எல்லாம் இருக்கும். வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் வெறும் கிளிப் தொங்கும். 4.9.2003. அது என் கல்யாணத் தேதி.

என் கல்யாணத்துக்குப் பெயர் அடித்த பை கிடையாது. அரும்பாவூரில் எங்கள் வீட்டில் எல்லோருடைய கல்யாணத்துக்கும் பை அடித்தார்கள். எனக்கு மட்டும், பெண் பார்த்துப் பத்தே நாளில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இந்த ஆவணியை விட்டால் மூன்று வருஷம் ஆகாதென்று ஜோசியர் சொன்னாராம். பெரம்பலூரில் மண்டபம் தயாராக இருந்தது, சமையல்காரர் தயாராக இருந்தார், பை மட்டும் அடிக்க நேரமில்லை. வந்த ஜனத்துக்கு எதுவும் எழுதாத வெள்ளைப் பிளாஸ்டிக் கவரில் தேங்காயைப் போட்டுக் கொடுத்தார்கள். இருபத்தொரு வயதில் ஒரு கவருக்காக அழுத பெண் நானாகத்தான் இருப்பேன்.

இப்படிப்பட்டவளுக்கு முன்னால் ஒருத்தி பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? முதலில், ஏதோ அபூர்வமான பை, நான் கேட்டுவிடுவேன் என்று ஒளிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "என்ன பைக்கா அது?" என்றால், "ஏதோ ஒரு பை" என்பார். மடியை விட்டு இறக்கமாட்டார்.

போன வருஷம் செப்டம்பரில் எங்கள் வீட்டில் கூடியபோதுதான் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. அந்த வெள்ளைக் கவர் புராணத்தைச் சொல்லி, சாட்சிக்குக் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். மணிமொழி சிரித்தாள். செபஸ்டின் படத்தில் தெரிந்த கவர்களை எண்ணினார். அமிர்தாக்கா நானும் என் வீட்டுக்காரரும் மாலையோடு நிற்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல்கூட பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு என் வீட்டில் கூடிய இரண்டு தடவையும் அவர் வரவில்லை. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் ஆய்வு என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த அதிகாரி சத்துணவைப் பார்க்க வருகிறார்? மணிமொழி வீட்டில் கூடிய அன்று என்னைக் கூப்பிட என் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். ஹார்ன் சத்தம் கேட்டதும் அமிர்தாக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நாங்கள் தெரு முனை திரும்புகிற வரை வெளியே வரவில்லை என்று பிறகு மணிமொழி வாயைக் கிண்டித் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் சுதர்சன் பெரம்பலூரில் விதைக்கடை வைத்திருக்கிறார். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று கடைக்கு வராத விவசாயி இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றைக்கூட இவர் விடமாட்டார். வாலிகண்டபுரமோ, உடையார்பாளையமோ, வெயிலோ மழையோ, போய்விட்டு வருவார். வரும்போது தாம்பூலப் பையை நாலாக மடித்து என் தையல் மிஷின்மேல் வைப்பார். வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் இந்த மனுஷனுக்கு அப்படி என்ன வேலை என்று எனக்கு அதிலும் ஒரு கண் உண்டு. இப்போது அந்தக் கண்ணையும் இந்தக் கண்ணையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஜெயங்கொண்டம் பக்கம் மாதம் எத்தனை கல்யாணம்? எந்தக் கல்யாணத்துக்கு இவர் தாமதமாக வந்தார்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

இந்த ஆகஸ்டில் செபஸ்டின் வீட்டு முறை. அன்றைக்கு அவர் வீட்டம்மா ஆனி ரோஸ் முந்திரிப்பருப்பு போட்டு உப்புமா கிண்டினார். அமிர்தாக்கா கைகொடுக்க உள்ளே போனார். செபஸ்டினும் மணிமொழியும் டேப் ரெக்கார்டரைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் பை தனியாக இருந்தது.

திருட்டுத்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாட்டுப் புத்தகங்களை எடுத்துப் பக்கத்தில் அடுக்கினேன். பையின் அடியைப் பிடித்து உள்ளே கையை விட்டு ஒரே இழுப்பு. சிவப்பு எழுத்து, கொஞ்சம் வெளுத்திருந்தது.

சி. சுதர்சன் – கா. அமிர்தவல்லி. திருமணம். 4.9.2003 வியாழக்கிழமை. மீனாம்பிகை மகால், பெரம்பலூர். தங்கள் வருகைக்கு நன்றி.

என் புருஷன் பெயர். அவர் அப்பா சிவசுப்பிரமணியன், அந்தச் 'சி'. என் கல்யாணத் தேதி. நான் தாலி கட்டிக்கொண்ட அதே மண்டபம். நான் இருக்க வேண்டிய இடத்தில் அமிர்தாக்கா இருந்தார்.

எத்தனையோ பையைப் படித்திருக்கிறேன். பையில் அடித்திருந்தால் அந்தக் கல்யாணம் நடந்தது என்றுதான் அர்த்தம், அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அப்படியானால் அந்த மண்டபத்தில் நடந்தது யார் கல்யாணம்? பையை மறுபடி திருப்பி, புத்தகங்களை எடுத்த வரிசையில் வைத்தேன். உப்புமாவில் எனக்கு மட்டும் உப்பு தெரியவில்லை.

திரும்பும்போது ஜெயங்கொண்டம் வரை பஸ்ஸில் அமிர்தாக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பை அவர் மடியில்.

"என்ன ஹேமா, வாயே தொறக்கல?"

"தலவலி" என்றேன். போன செப்டம்பரில் அவர் சொன்ன அதே பொய்.

அவர் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைச் சோதித்தேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஜெயங்கொண்டத்துல உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கடைக்கு வர்றவங்க இருப்பாங்க. ஏன்?"

"சும்மாத்தான்."

"ரசம் ஊத்து" என்றார்.

மனுஷன் கண் சிமிட்டவில்லை. அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். உர மூட்டை, பூச்சி மருந்து, மழை வருமா என்று கேட்கிற விவசாயிகள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. என் கல்யாணத்தன்று பந்திக்குப் போகும் வழியில் ஒரு வயதான அம்மா என் தாடையைப் பிடித்து, "நீதான் ஜெயங்கொண்டத்துப் பொண்ணா?" என்று கேட்டார். "இல்லங்க, அரும்பாவூர்" என்றேன். அந்த அம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார். ஊர் மாற்றிச் சொல்கிறார் என்று அப்போது விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் துருவுகிறவள், துருவ வேண்டியதைத் துருவாமல் விட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் ஜெயங்கொண்டத்தில் அமிர்தாக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர், அன்று ஓட்டத்தில் இருந்தார். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

உள்ளே போனேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், கூடும் ஞாயிறுகளில் எல்லாம் சுத்தமாக எடுத்து வைத்திருப்பார் போல. இன்று எங்கு பார்த்தாலும் பை. ஆணியில் ஒன்று, குக்கர் கேஸ்கெட்டும் கரண்டியுமாக. மிக்சிக்கு உறையாக ஒன்று. சைக்கிள் சீட்டுக்கு ஒன்று. கரண்டு பில் ரசீது போட்டு வைத்தது ஒன்று. எல்லாமே மஞ்சள், எல்லாமே உள்பக்கம் வெளியே. மிக்சி உறையை உருவித் திருப்பினேன். சி. சுதர்சன், கா. அமிர்தவல்லி.

"எத்தன வருஷமா நடக்குது?" என்றேன். நீங்க, அக்கா எல்லாம் விழுந்துவிட்டது. "சொல்லு. எம் புருஷனுக்கும் உனக்கும் என்ன?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. மொதல்ல தண்ணி குடி."

"தண்ணி குடிக்க வரல."

"தெரியுது. ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சுபோச்சு. புஸ்தகத்த நீ தலைகீழா அடுக்கியிருந்த."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரும் நின்றுகொண்டேதான் சொன்னார்.

"எனக்கும் அவருக்கும்தான் மொதல்ல நிச்சயம் ஆச்சு. மண்டபம், சமையல், எல்லாம் அவங்க ஏற்பாடு. பை மட்டும் எங்கப்பா அடிச்சாரு, காசிநாதன் பொண்ணு கல்யாணம்னு ஊருக்கே தெரியணும்னு ஐநூறு பை. கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாளு இருக்கு. முகூர்த்தப் புடவ எடுக்கப் போற அன்னைக்கி அவரும் அவங்க அம்மாவும் எங்க வூட்டுக்கு வந்தாங்க."

நிறுத்தினார்.

"மீதிய வெள்ளித்திரையில காண்கன்னு சொல்லிடாத" என்றேன். எரிச்சலில்தான் சொன்னேன். அவர் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"நான் கூடக் கொண்டுபோறதுக்குன்னு ஒரு டிரங்குப் பெட்டி வெச்சிருந்தேன். அவங்கம்மா தொறந்து பாத்தாங்க. உள்ள பூராவும் பாட்டுப் புஸ்தகம். 'இந்தக் குப்பைய எல்லாம் எங்க வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது, இன்னைக்கே அடுப்புல போடு'ன்னாங்க. நான் அவரப் பாத்தேன். அவரு தரையப் பாத்தாரு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவங்க போனதும் எங்கப்பாகிட்ட, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பாட்டுப் புஸ்தகத்துக்காகக் கல்யாணத்த நிறுத்தினவன்னு இந்தத் தெருவே சிரிச்சிச்சு. நாலு வருஷம் ஒருத்தரும் பொண்ணு கேட்டு வரல. குப்பைன்னு சொன்னதுக்குக்கூட இல்ல ஹேமா. தரையப் பாத்தாரே, அதுக்குத்தான்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் இருக்கும்போது இவர் வேண்டாம் என்றிருக்கிறார். பத்து நாள் இருக்கும்போது என்னைப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜோசியரும் இல்லை, ஆவணியும் இல்லை. மண்டபத்தையும் சமையல்காரரையும் வீணாக்கக் கூடாதென்று ஒரு பெண் தேடியிருக்கிறார்கள். பை அடிக்க நேரமில்லை என்றார்களே, பை அடித்து ஜெயங்கொண்டத்தில் கட்டுக் கட்டாக இருந்திருக்கிறது.

"பையத் தூக்கிப் போட எங்கம்மாவுக்கு மனசு வரல" என்றார் அமிர்தாக்கா. "கெட்டித் துணி. இருவத்திரண்டு வருஷமா கிழியவும் மாட்டேங்குது. வெளிய எடுத்துட்டுப் போனா திருப்பிப் போட்டுட்டுப் போன்னு அம்மா சொன்ன பழக்கம், அப்படியே நின்னுபோச்சு. ஒன் ஆல்பத்தப் பாக்கற வரைக்கும் அவருதான் ஒன் வூட்டுக்காரர்னு எனக்குத் தெரியாது, சத்தியமா. பாத்ததுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிட்டுச் சொல்றது? நீ கவருக்காக அழுதேன்னு சொல்லிட்டிருக்க. ஒன் பை என் வூட்டுல மிக்சிக்கு உறையா கெடக்குன்னு சொல்லவா?"

"வேற பை எடுத்துட்டு வரக்கூடாதா?"

"இந்த வூட்டுல வேற பை எங்க இருக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாழாய்ப்போன சிரிப்பு. அடுத்த நொடியே அழுகையும் வந்தது. அமிர்தாக்கா பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, வைத்தார். நான் தட்டிவிடவில்லை. கிளம்பும்போது, "எனக்கு ஒண்ணு குடுங்க" என்றேன். 'ங்க' திரும்ப வந்ததை அவர் கவனித்தார். உபயோகிக்காத பையாகப் பார்த்துப் பரணிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். பையை மேஜைமேல் நேராக விரித்து வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார், பார்த்தார், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அதுதான் முதலில் வந்தது.

"சொல்லிட்டுத்தான் பொண்ணு கேட்டோம். உங்கிட்டச் சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு."

"சரி. அப்பாவும் மறைச்சாரு, நீங்களும் மறைச்சீங்க. மண்டபம் சும்மா கெடக்குதுன்னு என்னக் கொண்டாந்து நிறுத்தினீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றார். மழுப்பவில்லை. அதுவே எனக்கு இன்னும் வலித்தது.

"அந்தப் பொண்ணு உங்களப் பாத்தப்ப ஏன் தரையப் பாத்தீங்க?"

அவர் திடுக்கிட்டார். அமிர்தாக்காவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மாதா மாதம் நான் போகிற செட்டில் இருக்கிற அக்காதான் அந்தப் பெண் என்று நான் சொன்னபோது, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் மூன்று வருஷச் சந்தேகத்தில் பாதி அங்கே செத்தது.

"எங்கம்மாவ எதிர்த்துப் பேசத் தெரியல அப்ப" என்றார். "கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசத்துல, நீ யார் வூட்டுப் பையையோ தொவச்சிக் காயப் போட்டிருந்த. அம்மா, 'இது என்ன கு...'ன்னு ஆரம்பிச்சுது. நான், 'அந்த வார்த்தைய இன்னொருதரம் இந்த வூட்டுல சொல்லாத, ஒரு தடவ சொன்னது போதும்'னேன். நீ அப்ப கொல்லையில இருந்த. அதுக்கப்பறம் அம்மா சொல்லவேயில்ல."

மாமியார் போய் ஐந்து வருஷம் ஆகிறது. பதினேழு வருஷம் என் பைகளைப் பார்த்து அவர் உதட்டைச் சுழித்திருக்கிறார், ஒரு சொல் சொன்னதில்லை. நல்ல குணம் என்று நானும் நினைத்திருந்தேன்.

"கல்யாணம் கல்யாணமாப் போயி பை வாங்கிட்டு வர்றது?"

"உனக்கு ஒரு பை பாக்கி இருந்துச்சில்ல" என்றார். "அந்த ஒண்ண மட்டும் என்னால கொண்டாற முடியல."

இதற்கு நான் என்ன செய்ய? ஒரு பெண் தைரியமாக வேண்டாம் என்று சொன்னதன் பலனை இத்தனை வருஷம் நான் அனுபவித்திருக்கிறேன். அவள் தெருவில் பட்டதை நான் பட்டதில்லை. அதே சமயம், வேண்டும் வேண்டாம் என்று என்னை ஒருத்தரும் கேட்கவும் இல்லை. கோபம் இருந்தது, இருக்கிறது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறு நம்ம வூட்டு முறை. அமிர்தாக்கா வருவாங்க. நாலு மணிக்கு எல்லாருக்கும் டீ நீங்கதான் வாங்கியாரணும்" என்றேன்.

"எதுக்கு?"

சட்டத்தைச் சொன்னேன். "உங்கம்மா சொன்னதுக்கு அபராதம். அன்னைக்கே கட்டியிருக்கணும்." அவர் சரி என்றார்.

அந்த ஞாயிறு செபஸ்டினும் மணிமொழியும் வந்தார்கள். அமிர்தாக்கா கடைசியாக வந்தார், கையில் மஞ்சள் பை, நேராக. வாசலிலேயே தயங்கியவரைக் கைப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். கொடியில் பைகள் தேதி வரிசையில் தொங்கின. அவர் கண் நேராக வெறும் கிளிப் இருக்கும் இடத்துக்குப் போனது. அங்கே பை தொங்கியது. சி. சுதர்சன் – கா. அமிர்தவல்லி. மணிமொழி படித்தாள், செபஸ்டின் படித்தார், இருவரும் எங்களைப் பார்த்தார்கள்.

"என் கல்யாணத்துப் பை" என்றேன். "பேரு ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. மணிமொழி குடம் மாதிரி."

முதலில் சிரித்தது அமிர்தாக்காதான்.

நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் பெரிய பிளாஸ்க்கில் டீயும் பேப்பர் கப்புமாக வந்தார். உள்ளே நுழைந்தவர் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "திருப்பிப் போட்டு மாட்டியிருக்கலாம்ல லதா" என்றார்.

"இருவத்திரண்டு வருஷம் திருப்பித்தானே போட்டு வெச்சிருந்தீங்க. இனிமே நேராத் தொங்கட்டும்."

அவர் தலை குனிந்தது. தரையைத்தான் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அமிர்தாக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். முதல் கப்பில் டீயை ஊற்றி, நேரே அமிர்தாக்காவிடம் கொண்டுபோய், முகத்தைப் பார்த்து நீட்டினார்.

"எடுத்துக்குங்க" என்றார். "ஆறிடும்."

அக்கா வாங்கிக்கொண்டார்.